ஸ்பானிஷ் டோர்ட்டியா திருப்பும்போது உடைகிறது, வழி சொல்லுங்கள்

உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து ஸ்பெயினில் செய்யும் டோர்ட்டியாவை மூன்று வாரமாக முயல்கிறேன், நான்கு முறையும் தட்டில் கவிழ்க்கும்போது நடுவில் பிளந்து ஊற்றிவிட்டது.

கோவையில் வீடு, இண்டக்‌ஷன் அடுப்பு, 24 செ.மீ. நான்ஸ்டிக் வாணலி. 6 முட்டை, அரை கிலோ உருளை, ஒரு பெரிய வெங்காயம். உருளையை மெல்லிசாக நறுக்கி, சிவக்கவிடாமல் எண்ணெயிலேயே மெதுவாக வேகவைத்து வடித்து, அடித்த முட்டையில் கால் மணி நேரம் ஊறவிட்டுத்தான் வாணலியில் ஊற்றுகிறேன்.

சூட்டைக் குறைத்தால் அடி வெளிறி ஒட்டிக்கொள்கிறது, கூட்டினால் ஓரம் கருகி நடு தண்ணியாகவே நிற்கிறது. முட்டையை 8 ஆக்கினேன், பலனில்லை. மூடி போட்டால் அவித்த ஆம்லெட் மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்பெயினின் பெத்தான்சோஸ் ஊரில் வெங்காயம் போடாமல், நடு இளகலாக இருக்கும்படி செய்வார்கள், எனக்கும் அந்த இளகல் வேண்டும், ஆனால் உடையக் கூடாது.

இதோடு குடிக்க எந்த பீர் என்பது முடிவாகிவிட்டது. கசப்பு தூக்கலான ஐபிஏ வகை பீர் முட்டை ருசியையே மூடிவிட்டது, சில்லென்ற லாகர் வகை பீர்தான் எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து எடுத்துவிடுகிறது.

சனிக்கிழமை நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள். இண்டக்‌ஷனில் இதைச் செய்து பழகியவர்கள் எந்தச் சூட்டில் வைத்து, எத்தனை நிமிடம் கழித்துத் திருப்புகிறீர்கள்?