புதுப்பிப்பு: நாற்காலியை விட்டு எழாத அம்மா

வழுக்கி விழுந்த பயத்தில் 78 வயதான என் அம்மா நாற்காலியை விட்டு எழுவதே இல்லை, என்ன செய்யலாம் என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

மொட்டைமாடி நடை மூன்றே நாளில் நின்றுபோனது. பலன் தந்தது, "உடற்பயிற்சி என்று சொல்லாமல் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான். குனிய வேண்டாதபடி இடுப்புயர மேசையில் நான்கு தொட்டிகளை வைத்து, வெந்தயமும் சிறுகீரையும் விதைத்து, தண்ணீர் ஊற்றுவதை அவரிடமே விட்டோம். வெந்தயம் முளைவிட்ட நாளிலிருந்து, காப்பிக்கு முன்பே செம்பும் கையுமாகப் பால்கனியில் போய் நிற்கிறார்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 150 நிமிடத்தை நாங்கள் இன்னும் எட்டவில்லை. இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்தபடி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும், குக்கர் விசிலை எண்ணியபடியே நாள்தோறும் செய்துவிடுகிறார்.

எதிர்பாராதவை இரண்டு. தொட்டி நீர் வழிந்து தரை வழுக்கியது. அடியில் தட்டு வைத்த பிறகே எனக்கு நிம்மதி. கீரை பார்க்க வந்த எதிர்வீட்டுச் சிறுமியோ இப்போது மாலைதோறும் பல்லாங்குழி ஆட வருகிறாள், அம்மா அவளுக்கு விட்டுக்கொடுப்பதேயில்லை.