ஹேவ்லாக்கில் ஒன்பது நாள், 10,000 ரூபாய்: இது சிக்கனமா, அடித்துப் பிடுங்குவதா?

தோள்பை
அந்தமானில் இருக்கும் ஸ்வராஜ் தீவுக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். 2018 டிசம்பரில் பெயர் மாறினாலும், ஹேவ்லாக் என்று சொன்னால்தான் பலருக்கும் புரிகிறது. விமான டிக்கெட் நீங்கலாக எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் முடிந்தது. தனியார் கப்பலில் ஒரு வழிக்கே ஆயிரத்துக்கு மேல் ஆகும், அதனால் போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் போனேன். இரண்டரை மணி நேரம், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். ஐந்தாம் நம்பர் கடற்கரைப் பக்கம் மூங்கில் குடில் எடுத்தேன். 900 கேட்டார்கள், அரை மணி நேரம் பேசி 450-க்கு முடித்தேன். சாப்பாடு மூன்றாம் நம்பர் மார்க்கெட்டில், மீன் குழம்பும் சோறும். ராதாநகர் கடற்கரைக்கு பஸ். போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சொன்ன விலையை எங்கேயும் கொடுக்காதீர்கள்.

மீனாட்சி
பஸ், மார்க்கெட் சாப்பாடு எல்லாம் சரி. அந்த அரை மணி நேரப் பேரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு அதே ஐந்தாம் நம்பரில்தான் நானும் தங்கினேன். குடில்காரரின் மனைவி காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்து ஒவ்வொரு குடிலின் பின்னாலும் இருந்த டிரம்மை நிரப்புவார். நான்கு குடில், நான்கு டிரம். அதைப் பார்த்த பிறகு வாடகையைக் குறைக்கச் சொல்லி என்னால் வாய் திறக்க முடியவில்லை. அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் அங்கே கப்பலில்தான் வர வேண்டும். 900 என்பது வாய்க்கு வந்த விலை இல்லை.

செல்வம்
மீனாட்சி அக்கா, நியாயம்தான். ஆனால் யாரை நோக்கிக் கோபப்படுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரு இரவுக்கு 15,000 கொடுத்து ரிசார்ட்டில் தங்குகிறவர் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படகு ஏறி, அங்கிருந்தே ஊர் திரும்புகிறார். அந்தப் பணத்தில் தீவுக்காரர் கைக்கு வருவது சம்பளம் மட்டும்தான். தோள்பை கொடுத்தது 450 என்றாலும் அது நேராகக் குடில்காரர் கையில் விழுந்தது, மீன் குழம்புக் காசு மார்க்கெட்டில் விழுந்தது. நீச்சல் குளம் கட்டித் தண்ணீரைக் குடிப்பதும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் இல்லை.

தீவுவாசி
நான் போர்ட் பிளேர்க்காரன், மூன்றாம் தலைமுறைத் தமிழன். அக்கா குடும்பம் ஹேவ்லாக்கில் இருக்கிறது, மாதம் ஒருமுறையாவது போவேன்.

முதலில் அரசுக் கப்பல். அது எங்களுக்கு டவுன் பஸ் மாதிரி. ஹேவ்லாக்கில் இருக்கிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் போர்ட் பிளேரில் இருக்கும் ஜி.பி.பந்த்தான். தீவு மக்களுக்குச் சலுகைக் கட்டணமும் முன்னுரிமையும் உண்டு. ஆனாலும் டிசம்பர், ஜனவரியில் கவுண்டரில் நின்று பாருங்கள். போன வருடம் என் அக்கா மாமியாருக்குக் கண் ஆபரேஷன், மதியக் கப்பலில் இடம் கிடைக்காமல் மறுநாள்தான் வர முடிந்தது. அதில் ஏறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீசன் உச்சத்தில் கையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருக்கிறவர்கள் தனியார் கப்பலில் போனால், இங்கே ஒருவருக்கு இடம் கிடைக்கும்.

அப்புறம் அந்த 450. அங்கே இருக்கிறவர்களில் நிறையப் பேர் 1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கோவிந்த நகர், ராதா நகர், விஜய நகர் என்ற பெயர்களெல்லாம் அவர்களோடு வந்தவைதான். காட்டை வெட்டி வயல் ஆக்கினார்கள், பாக்கும் தென்னையும் வைத்தார்கள், அதன் பிறகுதான் குடில் போட்டார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும்.

தோள்பை
அண்ணா, கப்பல் விஷயம் எனக்குத் தெரியாது. சீட்டு இருந்தது, வாங்கினேன், அவ்வளவுதான் யோசித்தேன். ஆனால் மீனாட்சி அக்கா சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. நான் மாதம் 18,000 சம்பளக்காரன். இந்தப் பயணத்துக்கு ஒரு வருடம் சேர்த்தேன். பேரம் பேசாமல் இருந்திருந்தால் ஒன்பது நாள் நான்கு நாளாகியிருக்கும். காசு உள்ளவர்களுக்கு மட்டும்தான் கடலா? மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் ராதாநகரில் சூரியன் இறங்கிவிடும். முதல் நாள் அது தெரியாமல் தாமதமாகப் போய் இருட்டைத்தான் பார்த்தேன். நான்கு நாள் பயணமாக இருந்திருந்தால் ஒரு மாலையை அப்படி இழக்க மனசு வந்திருக்காது. நாள் அதிகம் இருந்ததால்தான் எட்டு மாலையும் அதே மணலில் உட்கார முடிந்தது.

மீனாட்சி
கடல் உங்களுக்கு இல்லை என்று யார் சொன்னது தம்பி? எட்டு மாலை உட்கார்ந்தீர்கள் என்று படித்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. என் கேள்வி ஒன்றுதான். ஒரு சின்னக் குடும்பத்தின் வரும்படியைப் பாதியாக்கித்தான் அது கிடைக்க வேண்டுமா? “ஒன்பது நாள் இருக்கப் போகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தால் 700-க்கு அவர்களே இறங்கியிருப்பார்கள்.

தீவுவாசி
இறங்குவார்கள். நாள் கணக்கில் தங்கினால் குறைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். தினம் ஆள் தேட வேண்டாம், படுக்கை விரிப்பைத் தினம் துவைக்க வேண்டாம், தண்ணீர் மிச்சம். கோடையில் கிணறு இறங்கிப்போகும்போது அது பெரிய விஷயம்.

செல்வம்
கூடாரம் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே? நான் கோகர்ணாவில் அப்படித்தான் செய்தேன்.

தீவுவாசி
வேண்டாம். இங்கே இரவில் கடற்கரையில் தங்க விடமாட்டார்கள். மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் சொறிய வேண்டும். அதைவிட முக்கியம், இங்கே உப்புநீர் முதலை உண்டு. 2010-ல் ராதாநகர்ப் பக்கம் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி ஸ்நோர்கெல் செய்துகொண்டிருந்த ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை தாக்கிக் கொன்றுவிட்டது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது. உயிர்காவலர் இருக்கும் பகுதியில் மட்டும் குளியுங்கள்.

தோள்பை
ஸ்நோர்கெல் என்றதும் ஞாபகம் வந்தது. எலிஃபன்ட் பீச்சுக்குப் படகுக் காசை மிச்சம் பிடிக்கக் காட்டுப் பாதையில் நடந்து போனேன். முகமூடி மட்டும் வாடகைக்கு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் மூச்சு வாங்கியபோது காலுக்குக் கீழே கல் என்று நினைத்து ஏறி நின்றுவிட்டேன். பாதத்தில் கீறியபோதுதான் பவளம் என்று தெரிந்தது. துணைக்கு ஒரு ஆளை அழைத்துப் போயிருந்தால் சொல்லியிருப்பார். அந்த இடத்தில் நான் மிச்சம் பிடித்தது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

தீவுவாசி
2010 கோடையில் கடல் சூடாகி இங்கே பவளம் வெளுத்துப் போனதை நாங்கள் பார்த்தோம். கையகலம் வளர வருடக்கணக்காகும். உடைந்து கிடக்கிற துண்டையும் எடுக்காதீர்கள், அது வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையத்தில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

செல்வம்
அப்படியானால் எதில் மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொல்லுங்கள் அண்ணா. ஸ்கூட்டர் வாடகைக்குப் பதில் பஸ்ஸும் சைக்கிளும். சென்னையிலிருந்து கப்பலில் பங்க் வகுப்பு, அதாவது அடுக்குப் படுக்கை போட்ட மலிவு வகுப்பு. இரண்டும் தப்பில்லையே?

தீவுவாசி
இரண்டுமே நல்லது. சென்னைக் கப்பல் 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும், தேதி நிலையாக இருக்காது, லீவு கையில் இருந்தால் மட்டும் நம்புங்கள். பங்க்கில் விரிப்பும் பூட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

தோள்பை
அடுத்த முறை அதே குடிலுக்குத்தான் போவேன், பாதி விலை கேட்கமாட்டேன். கூட்டம் இருக்காது என்று ஜூனில் போகலாமென்று நினைக்கிறேன். பேரம் பேசுவதை முழுதாக விட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அக்கா.

மீனாட்சி
விடச் சொல்லவில்லை. தண்ணீர் சுமக்கிறவரிடம் வேண்டாம், அவ்வளவுதான்.

தீவுவாசி
ஜூனில் கடல் பொங்கினால் கப்பல் ஓடாது தம்பி. ஊர் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.