பயிற்சி முடிந்ததும் சொந்த கிளினிக்கா, சீனியரிடம் வேலையா?

குடியாத்தம் புதுசு:
பல்மருத்துவப் படிப்பு (பிடிஎஸ்) 4 வருடம், பயிற்சி 1 வருடம், கவுன்சில் பதிவு எல்லாம் முடிந்தது. அப்பா கடைக்கு மேலே மாடி காலியாக இருக்கிறது. ஒரு சேர் போட்டு நேராக ஆரம்பித்துவிடலாமா? சீனியரிடம் போனால் சொற்பக் காசுதான் தருவார்கள், கல்விக் கடன் கட்ட முடியாது.

ஆற்காடு பல்மருத்துவர்:
அவசரப்படாதீங்க தம்பி. கல்லூரியில் ஒவ்வொரு படிக்கும் பேராசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். வெளியில் அந்த ஆள் இல்லை. வேர் சிகிச்சையில், மேல் கடைவாய்ப்பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் நான்காவது கால்வாயைத் தவறவிட்டால் வலியோடு திரும்பி வருவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், "சுகர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்" என்பார். துருவிக் கேட்கும் பழக்கம் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் வரும்.

ஆம்பூர் தோழி:
எல்லா சீனியரும் சொல்லித் தருவதில்லை சார். நான் சேர்ந்த இடத்தில் வேர் சிகிச்சையைத் தொடவே விடவில்லை. பல்லில் படிந்த கறைக்கல்லை எடு, பல் பிடுங்கு, அவ்வளவுதான். சம்பளம் கேட்டால், "கத்துக்கத்தானே வந்தே?" தெரியாத கேஸைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் நேர்மை இருந்தால் சொந்தமாகவே ஆரம்பிக்கலாம். சிஎம்சி இருக்கும் வேலூர் உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை.

ஆற்காடு பல்மருத்துவர்:
அனுப்புவது சரி. ஆனால் கருவிச் சுத்தம்? 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சுத்தப்படுத்தாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, மீதியை மூடிவைத்து அடுத்தவருக்கும் பயன்படுத்தினார்கள். கிருமி மூளைவரை போய் 8 பேர் இறந்தார்கள். அந்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது, உங்கள் குடியாத்தத்துக்குப் பக்கத்து மாவட்டம்தான். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி ஏறி, முடிந்து, ஆறி வர அரை மணிக்கு மேல் ஆகும். கையில் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் ஒன்றே ஒன்று, சாயங்காலம் வாசலில் ஆறு பேர் என்றால் யாருக்கும் கை பரபரக்கும். சேருக்குப் போடும் பணத்தில் பாதியைக் கூடுதல் செட்டுகளுக்கு வையுங்கள்.

ஆம்பூர் தோழி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அந்தப் பழக்கத்தைத்தானே படிப்பார்? சீனியர் என்பதாலேயே யாரும் குரு ஆகிவிட மாட்டார்கள்.

ஆற்காடு பல்மருத்துவர்:
இது நியாயமான பேச்சு. அதனால் சேரும் முன்பு கருவி கழுவும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

குடியாத்தம் புதுசு:
சரி டாக்டர். மாடி இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். வேலூரில் இரண்டு இடத்தில் பேசிப் பார்க்கிறேன்.

ஆம்பூர் தோழி:
கட்டணத்தில் உங்களுக்கு எத்தனை சதவீதம், வேர் சிகிச்சை தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்க. தரமாட்டேன் என்றால் மாடியே மேல் என்றுதான் இப்போதும் சொல்வேன்.