அப்பாவின் பெட்டியில் ஒரு கறுப்புத் துணி: அண்ணாமலைநகர் விடுதியில் இருந்தவர்கள் சொல்லுங்களேன்

பள்ளத்தூரான்:
வணக்கம். வீட்டை ஒதுங்க வைக்கும்போது இரண்டாம் கட்டு அறையில் அப்பாவின் தகரப் பெட்டி கிடைத்தது. மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் அவர் இனிஷியல், கீழே விடுதி அறை எண், ‘அண்ணாமலைநகர்’. 1963 முதல் 66 வரை அங்கே பி.எஸ்சி. படித்தார். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-இல் தொடங்கியவர் எங்கள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். அதனால் எங்கள் ஐயாவுக்கு (அப்பாவின் அப்பா) அது ‘நம்ம ஊர்க் காலேஜு’. வேறெங்கும் அனுப்பியிருக்க மாட்டார்.

பெட்டிக்குள் ஒரு பலகார டின். அப்பத்தா மாவுருண்டை போட்டுக் கொடுத்துவிட்டது. அதன் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புத் துணி, துருப்பிடித்த குண்டூசியோடு. விடுதிக் கதைகளை அப்பா அலுக்காமல் சொல்வார். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை. இது என்ன?

காரைக்குடி வாத்தியார்:
1965 ஜனவரி 26 ஆக இருக்கும். இந்தி ஆட்சிமொழி ஆகும் நாளைத் துக்கநாளாக அறிவித்தார்கள். மாணவர்கள் கறுப்புச் சின்னம் குத்திக்கொண்டார்கள். மறுநாள் 27-ஆம் தேதி சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூடு. அதில் இறந்த மாணவர் இராசேந்திரன் நம்ம சிவகங்கைப் பிள்ளை. பல்கலைக்கழக வாசலில் சிலை இருக்கிறது.

தேவகோட்டைப் பெரியவர்:
தம்பி, அந்த வருஷம் நானும் அந்த விடுதியில்தான் இருந்தேன். உங்கள் அப்பா எந்த அறை, என்ன பெயர் என்பதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். ஆனால் அந்தத் துணியை எனக்குத் தெரியும்.

கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்புத் துணி வாங்க நேரமில்லை. ஒருவன் தன் குடையைக் கொண்டுவந்து வராந்தாவில் விரித்தான். கம்பியிலிருந்து துணியைப் பிரித்து, பிளேடால் கீறிக் கீறி ஆளுக்கொன்று கொடுத்தோம். புதுக் குடை அது, மழைக்கு வாங்கியது. கொடுத்தவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் சாயங்காலம் விடுதியில் யாரும் சாப்பிடவில்லை. சட்டியில் சோறு அப்படியே இருந்தது. அப்புறம் கல்லூரிகளை மூடினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு மாயவரத்தில் வண்டி மாறி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் எங்கள் ரயில் பெட்டியில் பேச்சே இல்லை.

வீட்டில் சொல்லியிருந்தால் திரும்ப அனுப்பியிருக்க மாட்டார்கள். நான் என் துண்டைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன், எங்கேயோ தவறிவிட்டது. உங்கள் அப்பா அதைப் பலகார டின்னில் வைத்தார் பாருங்கள், நல்ல இடம். காலி டின்னை அப்பத்தா மகன் திரும்பிப் போகும்போதுதான் திறப்பார்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். ஓர் ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா?

பள்ளத்தூரான்:
ஐயா, இப்போதுதான் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மெஷின் தையல். மூலையில் கம்பியைக் கட்டியிருந்த நூல் இன்னும் தொங்குகிறது. மற்ற மூன்று பக்கமும் பிளேடு வெட்டு.

பொங்கல் கழித்து மகளைச் சிதம்பரம் கூட்டிப்போகிறேன். உங்களால் வர முடியுமானால் தேவகோட்டைக்கு வந்து காரிலேயே அழைத்துக்கொள்கிறேன் ஐயா. துணியையும் எடுத்து வருகிறேன்.