ஓடும்போது ஆனிங் பிரிந்துவிடாமல் இருக்க வெல்க்ரோ பட்டை போதுமா?

கேள்வி

28 அடி டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு). கையால் சுருட்டும் ஸ்பிரிங் ஆனிங் (பக்கச் சுவரிலிருந்து வெளியே விரியும் துணிக்கூரை), 18 அடி அகலம், வினைல் துணி. அடுத்த வாரம் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலை வழியாக ஷையென் போகிறோம். வயோமிங்கில் ராலின்ஸ், லாரமி இடையே காற்று மோசம் என்கிறார்கள். இப்போதே 60 மைல் வேகத்தில் சுருளின் முன்பக்கத் துணி படபடக்கிறது. ஆனிங்கைத் தாங்கும் இரண்டு ஆர்மிலும் (கைக்கம்பி) வெல்க்ரோ பட்டை சுற்றினால் போதுமா? பங்ஜி கயிறும் கையில் இருக்கிறது.

பதில் 1

பட்டை ஆர்ம் பிரியாமல் பிடிக்கும், துணி சுற்றியிருக்கும் உருளை சுழல்வதைப் பிடிக்காது. தொய்வான சுருளுக்குள் காற்று புகுந்து துணியைப் பைபோல ஊதும். ஊதிய துணி உருளையை இழுத்துச் சுழற்றும். ஒரு சுற்று கழன்றால் அடுத்த சுற்றுக்கு அதிக நேரம் ஆகாது. எனவே முதலில் தொய்வுக்குக் காரணம் தேடுங்கள்.

முழுக்க விரித்து, சுவரில் துணி நுழைந்திருக்கும் அலுமினிய சேனலின் இரு முனைகளையும் பாருங்கள். முனைக்கு ஒரு சிறு திருகு துணியைக் குத்திப் பிடித்திருக்க வேண்டும். அது விழுந்துவிட்டால் துணி ஒருபக்கம் நகரும், சுருள் கூம்பு மாதிரி ஏறும், மறுமுனை தொளதொளக்கும். திருகு சரியாக இருந்தால் குற்றம் சுருட்டும் விதத்தில். ஸ்பிரிங்கை அதன் போக்கில் விடாமல், இழுபட்டையை விறைப்பாகப் பிடித்தபடி மெதுவாக விடுங்கள்.

சுருட்டியதும் லீவர் 'சுருட்டு' நிலையில் இருக்கிறதா பார்த்து, இழுபட்டையைப் பிடித்து இழுங்கள். உருளை சற்றும் திரும்பக் கூடாது. திரும்பினால் ராட்செட்டின் (ஒரு திசையில் மட்டும் சுழல விடும் பூட்டு) பல் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் கிளம்ப வேண்டாம். அதன்பின் ஆர்மின் கருப்புக் குமிழ்களை இறுக்குங்கள். கீழ்த்தாழ்ப்பாள் 'டக்' என்று விழ வேண்டும். அடிப் பிராக்கெட்டின் திருகுகளையும் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள், அதிர்வில் கழல்வது பெரும்பாலும் அவைதான்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பட்டை: ஆர்முக்கு ஒன்று, வெளிக்கம்பியையும் உள்கம்பியையும் சேர்த்து. பங்ஜி நீளும், அதனால் உதவாது. ராட்செட் ஸ்டிராப் போட்டு முறுக்கினால் கம்பி வளைந்துவிடும்.

பதில் 2

திசையையும் கணக்கில் எடுங்கள். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். கிழக்கே போகும்போது உங்கள் வலப்பக்கம், அதாவது ஆனிங் பக்கம், தெற்கு. காற்று நேரே அதில்தான் அடிக்கும். திரும்பி வரும்போது ஆனிங் மறைவுப் பக்கம், கவலை குறைவு.

பதில் 3

பதில் 2-இன் முதல் பாதி சரி, திரும்பும்போது கவலை குறைவு என்பதை ஏற்க முடியவில்லை. காற்று படாத பக்கத்துச் சுவரில் உறிஞ்சல் உண்டாகி, துணியை வெளியே இழுக்கும். மேற்கே வரும்போது எதிர்காற்றும் வேகத்தோடு சேரும். 60 மைல் காற்று 90 ஆனால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு. திரும்பும் வழியிலும் அதே சோதனையைச் செய்யுங்கள், 55க்கு மேல் போகாதீர்கள். கிளம்புமுன் 511 (சாலை நிலவரம் சொல்லும் சேவை) பாருங்கள்: எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையை மூடுவது அங்கே சகஜம். எல்க் மவுண்டன், ஆர்லிங்டன் பகுதியில் கூடுதல் கவனம்.

வழியில் பிரிந்துவிட்டால் சடாரென்று பிரேக் போடாமல் வேகத்தைக் குறைத்து, அடுத்த எக்ஸிட்டில் இறங்குங்கள். காற்று எதிர்ப்பக்கம் படும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஆர்முக்கு ஒருவராக இருவர் சேர்ந்து சுருட்டுங்கள். முடியாவிட்டால் சேனல் ஓரமாகத் துணியை அறுத்துவிட்டு, ஆர்ம்களைக் கயிற்றால் கட்டுங்கள். துணி போனால் போகட்டும். உருளையின் முனைமூடியை மட்டும் கழற்றாதீர்கள், முறுக்கேறிய ஸ்பிரிங் விரலை உடைக்கும்.

கேள்வி கேட்டவர்

முன்முனைத் திருகு இல்லை. துணி பின்பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்திருக்கிறது. நானே எந்தத் திருகு போடலாம்?

பதில் 1

துணியை முன்னே இழுத்து நடுவாக்கிய பிறகு, அரை அங்குல நீளத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு போடுங்கள். சேனலையும் துணியின் விளிம்புக் கயிற்றையும் குத்தினால் போதும். சுவரைத் துளைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். தலைமேல் ஒரு பொட்டு சிலிகான். பின்முனைத் திருகையும் அப்போதே மாற்றிவிடுங்கள், அதுவும் அதே வயதுதான்.