பொறாமைப்பட்டவள் எப்படித் துணை நிற்பாள்? ஒரு சிறுகதைச் சிக்கல்

கேள்வி – கோப்பாய்க்காரி
வணக்கம். போரால் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோப்பாயில் வேலிக்கு இரு பக்கமும் வாழும் இரண்டு சிநேகிதிகள், இருவருமே தையல்காரிகள். கலியாணச் சட்டையெல்லாம் ஒருத்தியிடமே போகிறது. மற்றவளுக்குக் கிழிசல் தைக்கும் வேலைதான்; அதனால் அவளுக்குப் பொறாமை. ஊர் வெளிக்கிடும் இரவில் முதலாமவள் சுகமில்லாத தாயைச் சைக்கிளில் ஏற்றவேண்டியிருப்பதால் மெசினைக் கைவிடுகிறாள். இரண்டாமவளோ தன்னுடையதை விட்டுவிட்டு, அவளுடைய மெசினின் தலையைக் கழற்றிக் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டுகிறாள். வாசித்த நண்பர் ஒருவர், பொறாமைப்பட்டவள் உதவுவதை நம்ப, இடையில் அவளுடைய மனமாற்றக் காட்சி ஒன்று வேண்டும் என்கிறார். மூன்று தடவை எழுதினேன்; மூன்றும் பிரசங்கமாகிவிட்டன.

பதில் 1 – வேலிப்பொட்டு
மனம் மாறவே தேவையில்லை, தங்கச்சி. 1990இலிருந்து மின்சாரமில்லாத ஊரில், அடுத்த வீட்டு ஜாம் போத்தல் விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்று இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். மெசின் ஓடும் சத்தத்தை வைத்தே தைப்பது பட்டா பருத்தியா என்று சொல்லக்கூடியவள். பொறாமை இல்லாத ஒருத்தியாக இருந்தால் அரிசியையும் சட்டிபானையையும் எடுத்திருப்பாள்; அந்த மெசினின் பெறுமதி தெரிந்தவள் ஊரிலேயே இவள் ஒருத்திதான்.

பதில் 2 – பழம்பாட்டு வாசகன்
அகநானூற்றின் 16ஆம் பாடலைப் பாருங்கள். தெருவில் தனியே நின்ற தலைவியின் மகனை, தலைவன் உறவுகொண்ட பரத்தை அள்ளி அணைக்கிறாள். அதைக் கண்டுவிட்ட தலைவி ஏசவில்லை. "நீயும் தாயை இவற்கு", அதாவது நீயும் இவனுக்குத் தாய்தான், என்கிறாள். களவு செய்து பிடிபட்டவள்போலப் பரத்தை தலைகவிழ்ந்து, கால்விரலால் நிலத்தைக் கீறி நிற்கிறாள். இதைத் தலைவியே பிறகு தலைவனிடம் சொல்லிக் காட்டுகிறாள் என்பதையும் மறக்கவேண்டாம். அந்தச் சொல்லில் அன்பு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. உங்கள் நண்பர் கேட்கும் காட்சி அந்தப் புலவருக்குத் தேவைப்படவில்லை.

பதில் 3 – சாவகச்சேரி
முதலாவது பதிலோடு எனக்கு அரைவாசி உடன்பாடுதான். அப்படி எழுதினால் அவள் தியாகியாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அதோடு ஒரு தொழில் விஷயத்தைக் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். கால்மிதியும் தோல்பட்டியும் மேசையோடு கோப்பாயில் நின்றுவிட்டன. வெறும் தலையை வைத்துக்கொண்டு தைப்பதானால் ஒருத்தி சில்லைக் கையால் சுற்றவேண்டும், மற்றவள் துணியைப் பிடிக்கவேண்டும். அகதிகள் தங்கிய பள்ளிக்கூட விறாந்தையில் யார் சுற்றுவது, யார் தைப்பது? உங்கள் கதை பாலத்தில் முடிவதாக எனக்குப் படவில்லை.

கோப்பாய்க்காரி
எல்லோருக்கும் நன்றி. என்னுடைய அம்மம்மா தைத்தவர். இருந்தும் தோல்பட்டி எனக்கு ஞாபகம் வரவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது. மனமாற்றக் காட்சியை நேற்றிரவே வெட்டிவிட்டேன். இப்போது கதை விறாந்தையில் நடக்கிறது. மெசினைக் கொண்டுவந்தவள்தான் சில்லைச் சுற்றுகிறாள், தையல் நேராக விழுகிறது. வளைவு வரும் இடத்தில் மட்டும் தேவைக்குச் சற்று வேகமாகச் சுற்றிவிடுகிறாள். மற்றவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அந்த நூலைப் பிரிக்கத் தொடங்குகிறாள்.