357 தோட்டாக் கூட்டில் நடுத்தர வேகத்துக்கு எந்த வெடிமருந்து? எரியாத துகள் சிலிண்டரைப் பிடிக்கிறது

தொண்டிக்காரன்:
சொந்த ஊர் தொண்டி, வேலை டெக்சாஸில். இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கிறேன். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தாலும் அங்கே பாதியில் விட்டுவந்த வேலைதான் மனசில் ஓடுகிறது. அதனால் கேட்டுவிடுகிறேன்.

அங்கே என்னிடம் ஒரு 357 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது. 6 அங்குலக் குழல். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்து நானே தோட்டா கட்டுகிறேன். அந்த ஊரில் இது சட்டப்படி நடக்கிற பொழுதுபோக்கு. முழு மேக்னம் வேகம் மணிக்கட்டை உதைக்கிறது. அதிலேயே 38 ஸ்பெஷல் என்ற சாதுவான தோட்டாவைப் போட்டும் சுடலாம்தான், ஆனால் அந்தக் கூடு ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் குட்டை. நிறையச் சுட்டால் சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைக்குள் கரி வளையம் கட்டி, அப்புறம் நீளக் கூடு உள்ளே போக முரண்டு பிடிக்கிறது. அதனால் 357 கூட்டிலேயே 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) ஈயக் குண்டு வைத்து, நொடிக்கு 1,000 அடியை ஒட்டி ஒரு தோட்டா வேண்டும்.

கையில் இருந்தது மேக்னத்துக்கான, மெதுவாக எரிகிற மருந்து. அளவைக் குறைத்தால் வேகமும் குறையும் என்று குறைத்துப் போட்டேன். சுட்ட கூட்டின் வெளிப்புறத்தில் ஒரு பக்கம் மட்டும் கரி. எரியாத துகள்கள் உப்புமா ரவை மாதிரி கொட்டுகின்றன. கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் அவை புகுந்துகொண்டு சிலிண்டர் சுற்றவே மாட்டேன் என்கிறது. ஒரு தோட்டா வெடிக்காமல் 'புஸ்' என்றது. மருந்து ஈரம் பட்டுவிட்டதா? எதை மாற்ற வேண்டும்?

கீழக்கரையான்:
தம்பி, மருந்துக் கதைக்கு முன்னால் ஒன்று. சாம்பிளுக்கென்று தோட்டா எதையும் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்துவிடவில்லையே? சட்டைப் பையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்கே விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள். உரிமம் இல்லாமல் இங்கே தோட்டா கட்டுவதும் 1959 சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி கூடாது. அதிலும் நம் கரையில் 'தோட்டா' என்று வாய் திறந்தாலே மீனுக்கு வெடி போடுகிறவன் என்றுதான் பார்ப்பார்கள்.

தொண்டிக்காரன்:
இல்லை காக்கா. போனில் படம் மட்டும்தான் இருக்கிறது.

சாயல்குடிப் பனை:
நானும் அரிசோனாவில் இருபது வருடமாகத் தோட்டா கட்டுகிறவன். தம்பி, மருந்து கெடவில்லை. நீங்கள் கொடுத்த வேலைதான் அதற்குப் பொருந்தாத வேலை.

நம்ம ஊர் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பனை ஓலையைச் செருகினால் குப்பென்று பற்றி உடனே அடங்கும். சீமைக்கருவேலக் கட்டை நின்று எரியும், ஆனால் அடுப்பு நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஆறிய அடுப்பில் இரண்டு துண்டு கருவேலத்தை மட்டும் வைத்தால் புகைதான் மிஞ்சும். உங்கள் மேக்னம் மருந்து அந்தக் கட்டை. புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏறத்தான் வேகமாக எரியும். கூடு நிறைய மருந்து, கனமான குண்டு, கூட்டின் வாய் இறுக்கம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த அழுத்தம் எழும். நீங்கள் மருந்தைக் குறைத்ததும் அது சரிந்துவிட்டது. கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டவில்லை, அந்தச் சந்து வழியாகக் கரி பின்னால் வந்தது. எரியாத துகளுக்கும் அதுவே காரணம்.

எச்110 ரக மருந்தாக இருந்தால் விஷயம் இன்னும் கண்டிப்பானது. குறைத்துப் போடாதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். டப்ள்யூ296 என்ற பெயரில் விற்பதும் அதே சரக்குதான். அந்த 'புஸ்' இருக்கிறதே, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

தொண்டிக்காரன்:
அடுத்ததைச் சுடப் போனேன் அண்ணே. பக்கத்து மேசைக்காரர் கத்தி நிறுத்தினார். பார்த்தால் குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கிறது.

சாயல்குடிப் பனை:
அவருக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள். அதன் பின்னால் இன்னொரு குண்டு போயிருந்தால் குழல் பருத்துப்போயிருக்கும், அல்லது பிளந்திருக்கும்.

சரி, எந்த மருந்து? உங்களுக்கு வேண்டியது ஓலையும் இல்லை, கட்டையும் இல்லை. பனை மட்டை. அதாவது யூனிக், யுனிவர்சல் இந்த வரிசை. யூனிக் நூறு வருடத்துக்கு மேல் புழங்குகிற மருந்து. அழுத்தம் ரொம்பக் குறைந்தால் அதுவும் அழுக்குத் தட்டும், ஆனால் நீங்கள் கேட்கும் வேகத்தில் ஒழுங்காக எரியும். தட்டைச் செதிலாக இருப்பதால் அளவைக் குழாயில் சீராக விழாது என்பதுதான் தொல்லை. யுனிவர்சல் இன்னும் சுத்தம். எனக்கு யூனிக் பிடிக்கும், பழகிய கை.

பாம்பன் காற்று:
எச்பி38 என்ற மருந்தைப் பற்றியும் சொல்லுங்களேன். மச்சான் ஒருத்தன் கனடாவில் அதைத்தான் போடுகிறான். அளவைக் குழாயில் தண்ணீர் மாதிரி விழுகிறதாம்.

சாயல்குடிப் பனை:
விழும், நல்ல மருந்து. டப்ள்யூ231ம் அதுவும் ஒன்றே. 38 வேகத்துக்கு அதைத்தான் நானும் எடுப்பேன். 1,000 அடிக்குப் போகும்போது அது ஓலைப் பக்கம் சாய்ந்த மருந்து, அழுத்தம் சீக்கிரம் ஏறும். இன்னொரு பயமும் உண்டு. வேகமாக எரிகிற மருந்து கொஞ்சம்தான் வேண்டும். 38 ஸ்பெஷல் 1898இல் கரிமருந்துக்காக, அதாவது புகை கக்குகிற பழைய ரக வெடிமருந்துக்காகப் பிறந்த கூடு. அதை நிறையப் போட வேண்டும், அதனால்தான் வயிறு பெரிது. 357 அதையே நீட்டி 1935இல் வந்தது. இவ்வளவு பெரிய வயிற்றில் கொஞ்சூண்டு மருந்து அடியில் கிடந்தால், தவறி இரண்டு தடவை கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. யூனிக் போலப் பருமனான மருந்தை இரண்டு தடவை கொட்டினால் கூட்டில் பாதிக்கு மேலே ஏறி நின்று காட்டிக்கொடுக்கும். எனக்கு அந்த ஒரு குணம் போதும்.

பாம்பன் காற்று:
அப்படியானால் கரிமருந்தையே போட்டால் என்ன? கூடு நிரம்பிவிடுமே.

கீழக்கரையான்:
வாப்பா கரிமருந்துத் துப்பாக்கி வைத்திருந்தவர். சுட்ட அன்று இரவே வெந்நீரில் கழுவாவிட்டால் காலையில் குழல் துருவேறிச் செம்பட்டை. கடற்காற்று அடிக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம்.

தொண்டிக்காரன்:
டெக்சாஸிலும் நான் இருப்பது கடற்கரை ஓரம்தான், வேண்டாம். அண்ணே, யூனிக் எத்தனை கிரெய்ன்?

சாயல்குடிப் பனை:
அதை இங்கே எழுத மாட்டேன், கோபிக்காதீர்கள். மருந்து கம்பெனியின் இந்த வருட அட்டவணையைத் திறந்து, 357 பக்கத்தில், உங்கள் குண்டின் எடைக்கும் ரகத்துக்கும் உள்ள வரியைப் பாருங்கள். 38க்கு அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 357க்கு 35,000. பக்கம் மாறினால் கணக்கே மாறிவிடும். தொடக்க அளவில் ஐந்து தோட்டா மட்டும் கட்டிப் பாருங்கள். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம், ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிற தராசு வேண்டும். மின்விசிறிக்கு அடியில் தராசை வைக்காதீர்கள், நான் ஒரு மாதம் அப்படி ஏமாந்தேன்.

இன்னொன்று, குண்டின் பள்ளத்துக்குள் கூட்டின் வாயை நன்றாகச் சுருட்டி இறுக்குங்கள். எரியாத துகள் பாதி அதிலேயே குறையும். குழலை மேலே தூக்கி இறக்கி ஐந்து, கீழே சாய்த்துத் தூக்கி ஐந்து சுட்டு வேகத்தை அளந்து பாருங்கள். மருந்து முன்னால் கிடக்கிறதா பின்னால் கிடக்கிறதா என்பதால் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

தொண்டிக்காரன்:
(இரண்டரை மாதம் கழித்து) திரும்பி வந்து யூனிக் வாங்கினேன். தொடக்க அளவில் கொஞ்சம் கரி இருந்தது. அட்டவணைக்குள்ளேயே இரண்டு படி ஏறி, வாயையும் இறுக்கினேன், கூடு சுத்தம். வேகமானியில் 980 முதல் 1,010 வரை. ஐம்பது சுட்டும் சிலிண்டர் தடங்கவில்லை. பழைய மருந்து முக்கால் டப்பா மிச்சம், அதை என்ன செய்ய?

சாயல்குடிப் பனை:
அதே டப்பாவில், அதே லேபிளோடு இருக்கட்டும். முழு மேக்னம் கட்டுகிற அன்று எடுங்கள். மேசையில் எந்நேரமும் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும்.

கீழக்கரையான்:
பிரியாணி வாங்கிக் கொடுத்தாயிற்றா?

தொண்டிக்காரன்:
அவர் சைவமாம் காக்கா. சாம்பார் சாதத்தில் முடிந்தது.